மீனுக்குத் தகப்பன் பெயர்

போன மாதம் கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். ஆண்டு விழா மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்களிடமெல்லாம் கட்டுரை கேட்கிறார்களாம். "உங்க இனிமையான நினைவுகள் ஏதாவது எழுதிக் குடுங்க மேடம், ரெண்டு பக்கம் போதும்" என்றாள். பார்க்கலாம் என்றேன். போனை வைக்கப்போகும் நேரத்தில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"ஒரு ஜோக்கு தெரியுமா மேடம்? இப்பல்லாம் வளவனூர் பக்கத்துலேர்ந்து வர்ற குளத்துக்காரங்க ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டு, மீனோட அப்பன் பேரு எங்கன்னு கேக்குறாங்க. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கவிதா நல்ல பெண், கெட்டிக்காரி. நான் வெளியே வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டது யார், எதை இழந்துவிட்டுக் கேட்டாள் என்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்தவர்கள் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன். இனிமையாக இருக்காது, இரண்டு பக்கத்திலும் அடங்காது. போட்டால் போடுங்கள்.

என் ஊர் ஓமந்தூர் பக்கம். அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் போட்டவர். திண்டிவனத்தில் விலங்கியல் படித்தேன், விழுப்புரத்தில் நன்னீர் மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது, அங்கேயே தலை நரைத்தது. என் ஆரம்பக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஏரி மீன், குளத்து மீன், ஆற்று மீன் என்று எது வந்தாலும் துடுப்பு முள்ளை எண்ணுவோம், பக்கவாட்டில் செதிலை எண்ணுவோம், தலையை அளப்போம். மீன் முழுசாக, முகத்தோடு வர வேண்டும். துண்டு போட்டுக் கொண்டுவந்தால் கையை விரித்துவிடுவோம்.

அப்புறம்தான் டிஎன்ஏ பார்கோடு வந்தது. கடைச் சோப்பில் இருக்கும் கறுப்புக் கோடுபோல மீன் மேல் ஏதோ ஒட்டியிருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. மீனின் மரபணுவில் ஒரு சிறு துண்டு இருக்கிறது. இனத்துக்கு இனம் அது மாறும். உலகம் முழுக்க அந்த ஒரே துண்டைப் படித்து ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். நம்மிடம் வந்த மீனின் துண்டைப் படித்து அதில் தேடினால் எந்த இனத்தோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். தலை வேண்டாம், செதில் வேண்டாம். துடுப்பில் நகத்தளவு ஒரு துணுக்கு போதும்.

ஒருமுறை திருச்சி சாலையில் ஒரு ஓட்டலிலிருந்து விரால் வறுவல் வந்தது. சாப்பிட்டவர் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்திருந்தார். மசாலாவைக் கழுவிவிட்டுச் சோதித்தேன். விரால் இல்லை, வளர்க்கவே தடை இருக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. விசாரணைக்குப் போனபோது சமையல்காரர் கொஞ்சம்கூடக் கலங்காமல், "தோலை உரிச்சி மசாலாவைத் தடவிட்டா எல்லா மீனும் ஒண்ணுதான் மேடம்" என்றார். இல்லையப்பா, ஒன்று இல்லை, வறுத்த பிறகும் அது யாரென்று சொல்லும் என்றேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் எந்தத் திருட்டு மீனும் நம் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று நம்பினேன். திருட்டை மீன் செய்வதில்லை, மனிதர்கள் செய்கிறார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தலைவர் தனசேகரன் சார். அதை மறைக்க மாட்டேன். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் தோய்த்து நெருப்பில் காட்டாமல் அவர் ஒரு துடுப்பையும் வெட்டியதில்லை. ஒரு மீனுக்கு ஒரு தடவை, அடுத்த மீனுக்கு மறுபடி. சோம்பல்பட்டு ஒரே கத்தரியில் நாலு மீனை வெட்டினால் முதல் மீனின் சளி நாலாவது மீனின் பெயரைக் கெடுத்துவிடும் என்பார். வெட்டிய துணுக்கை ஆல்கஹால் நிரப்பிய குப்பியில் போட வேண்டும். குப்பிச் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹால் பட்டால் கரைந்துபோகும், பென்சில் எழுத்து எத்தனை வருடம் ஆனாலும் நிற்கும். அவர் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பென்சில் சீவித் தயாராக இருக்கும்.

காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயரில் வைப்பார். மேஜையைத் தானே ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார், கடைநிலை ஊழியரைத் தொட விடமாட்டார். நாங்கள் எழுதிக் கொண்டுபோகும் அறிக்கையை அந்தப் பென்சிலை ஒவ்வொரு சொல்லின் அடியிலும் நகர்த்தி நகர்த்திப் படிப்பார். 'தோன்றுகிறது', 'இருக்கலாம்' என்று எங்கே இருந்தாலும் அடித்துவிடுவார். "நம்மள என்ன கேட்டாங்க? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா" என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு விஷயத்துக்குச் சம்மதம் என்றால் நம்மை நிற்க வைத்தே தலையாட்டி அனுப்பிவிடுவார். மறுக்கப்போகிறார் என்றால் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்பார். கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவர் அறையிலிருந்து "உக்காருங்க" என்ற சத்தம் கேட்டால், அவ்வளவுதான், உள்ளே போனவரின் காரியம் முடிந்தது என்று பேசிக்கொள்வோம்.

அவருக்கு வேலை தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. தெரியாதவர் மேல் வரும் கோபம் ஆறிவிடும். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொள்கிறவரை என்ன செய்வது?

பிலோமினா வந்தது ஒரு புரட்டாசி மாதம். வளவனூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். வாளியின் மேல் ஈரச் சாக்கு. வழியெல்லாம் கண்டக்டரோடு சண்டை போட்டு வந்த வேகம் முகத்தில் அப்படியே இருந்தது. அவள் கணவர் அந்தோணி கொத்தனார், வெளியூர் வெளியூராகப் போய்விடுவார். வீட்டை ஒட்டிய குளம் முழுக்க இவள் பொறுப்பு. சாக்கை விலக்கினாள். உள்ளே உயிரோடு மூன்று கெளுத்தி.

"மேடம், இது என்னா மீனு?"

"கெளுத்தி."

"அது எனக்குந்தான் தெரியும். எந்தக் கெளுத்தி? திண்டிவனம் ரோட்டுல இருக்கற பண்ணையில நாட்டுக் கெளுத்தின்னு சொல்லி, உங்க ஆபீஸு குடுத்த பேப்பரைக் காட்டித்தான் குஞ்சு வித்தாங்க. கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிக்கினு இருக்காங்க அதை. நம்பி வாங்கிக்கினு வந்து கெண்டைக் குஞ்சோட சேத்து உட்டேன். கெண்டை பூரா காலி. இது மட்டும் கொழுத்துக்கினே போவுது. நாட்டு மீனு இந்த வேகத்துலயா வளரும்?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு மீனைப் பிடித்துத் தட்டி, என் மேஜைக் கத்தியாலேயே வயிற்றைக் கிழித்தாள். உள்ளே பாதி செரித்த கெண்டைக் குஞ்சு ஒன்று வளைந்து கிடந்தது.

"பண்ணையில போயி கேட்டேன். பேப்பர் இருக்குதும்மா, நீ வேற எங்கியோ வாங்கி உட்டுட்டு எங்க மேல பழி போடுறியான்றான். மழைக்கு முன்னாடி இது என்னான்னு சொல்லிடுங்க மேடம். எங்க கொளம் ரொம்பி வழிஞ்சா நேரா ஏரிக்குத்தான் போவும். ஏரியில மீனு புடிச்சிப் பொழைக்கிறவங்க நாளைக்கி என்னைத்தான் புடிச்சிக் கேப்பாங்க. தடை பண்ண மீனுன்னா கொளத்தையே அழிச்சிடுவாங்களாமே?"

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். அவள் குளம் பிழைக்க வேண்டும், ஊரில் அவள் பெயர் கெடக்கூடாது. அதற்கு, வெள்ளம் வருவதற்குள் அந்த மீன் என்னவென்று யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். நாட்டுக் கெளுத்திக்கு மண்டையெலும்பின் பின்முனை வட்டமாக முடியும், ஆப்பிரிக்கக் கெளுத்திக்குக் கூராக முடியும். இது இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றது. எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. துடுப்பை வெட்டிக் குப்பியில் போட்டேன். அரைத்து, கழுவி, மரபணுவைப் பிரித்து, இயந்திரத்தில் பெருக்கி, படிக்க அனுப்பினேன். முடிவு வந்தது: நாட்டுக் கெளுத்தி. என் கையே ஏதாவது தப்பு செய்திருக்குமோ என்று மற்ற இரண்டு மீனிலிருந்தும் புதுத் துணுக்கு எடுத்துத் திரும்பச் செய்தேன். மறுபடியும் நாட்டுக் கெளுத்தி. களஞ்சியத்தில் இருப்பதோடு ஓர் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போனது.

அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பார்கோடுக்கு நாம் படிக்கும் துண்டு செல்லின் கருவில் இருப்பது இல்லை. செல்லுக்குச் சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது. அது தாயின் முட்டை வழியாகத்தான் குஞ்சுக்கு வரும். தகப்பனுடையது வராது. தாய் நாட்டுக் கெளுத்தி, தகப்பன் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றால் பிறக்கிற கலப்புக் குஞ்சையும் பார்கோடு நாட்டுக் கெளுத்தி என்றுதான் சொல்லும். அது பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்கிறது. கலப்பு மீனோ தகப்பன் மாதிரி தின்னும், ஜல்தியாக வளரும், குஞ்சு நன்றாக விலைபோகும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒருவன் வேண்டுமென்றே செய்தால், நம்முடைய சான்றிதழே அவனுக்குக் காவல்.

அறிக்கையை வாங்க வந்த பிலோமினாவிடம் இதை விளக்கினேன். நின்றபடியே கேட்டாள்.

"அப்ப இந்தப் பேப்பர்ல மீனோட அம்மா பேரு மட்டுந்தான் இருக்குது?"

"ஆமாம்."

"அப்பன் பேரு?"

"இந்தச் சோதனையில தெரியாது."

"நல்லா இருக்குது மேடம் நாயம்! என் பொண்ணை இஸ்கூல்ல சேக்கப் போனப்ப, அப்பன் கையெழுத்து இல்லாம ஃபாரத்தைத் தொடமாட்டேன்னுட்டாங்க. அந்த மனுசன் ஊருலேர்ந்து வர்ற வரைக்கும் காக்க வெச்சாங்க. மீனுக்கு மட்டும் அம்மா போதுமா?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானும் வாழ்நாள் முழுக்க எல்லா விண்ணப்பத்திலும் தகப்பன் பெயர், கல்யாணமானதும் கணவன் பெயர் என்று எழுதித் தேய்ந்தவள்தான். பெற்றவள் பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை. தாயை மட்டும் கேட்கும் ஒரே ஒரு சோதனை வந்தது, அதையும் இப்படிப் பயன்படுத்துகிறார்களே என்று வயிறு எரிந்தது.

அந்தப் பண்ணையின் சான்றிதழைப் புதுப்பிக்க மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. தனசேகரன் சார் என்னையே அனுப்பினார். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, சுற்றிலும் சவுக்கு, நடுவில் தொட்டி தொட்டியாகப் பண்ணை. முதலாளி வாய் நிறையச் சிரிப்போடு வரவேற்றார். எங்கள் கூடத்துச் சான்றிதழ் சாமி படங்களுக்கு நடுவில் தொங்கியது. தாய் மீன் தொட்டிகளைக் காட்டினார். அத்தனையும் வயிறு பருத்த பெண் மீன்கள், அசல் நாட்டுக் கெளுத்தி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கெளுத்தி தொட்டியில் தானாக முட்டையிடாது. பெண் மீனுக்கு ஊசி போட்டு, வயிற்றை நீவி முட்டையை வாங்க வேண்டும். ஆண் மீன் அப்படி நீவினால் எதுவும் தராது. அதை அறுத்து விந்துப்பையை எடுத்து நசுக்கித்தான் முட்டையோடு கலக்க வேண்டும். எல்லாப் பண்ணையிலும் இதுதான் முறை, அதில் தப்பில்லை. ஆனால் அறுப்பதற்கு முன்னால் அந்த ஆண் மீன் எங்காவது நீந்தியிருக்க வேண்டுமல்லவா?

"ஆண் மீன் தொட்டி எது?" என்று கேட்டேன்.

"அதை நாங்க வெச்சிக்கிறதில்ல மேடம். வேலை இருக்கற அன்னைக்கி வெளியிலேர்ந்து வாங்கிக்கினு வருவோம். வேலை முடிஞ்சா அறுத்துப் போட்டுடுவோம். அதைப் போயி வளத்துக்கினு எதுக்குப் பேஜாரு?"

"எங்கேர்ந்து வாங்குறீங்க?"

"அது ஒரு எடம்னு இல்ல. டீ சாப்பிடுங்க மேடம்."

டீ வரும் வரைக்கும் பின்பக்கம் நடந்தேன். கழிவுக் குழியைச் சுற்றிக் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. குழிக்குள் அறுத்துப் போட்ட மீன்கள். மண்வெட்டிபோலத் தட்டையான, அகலமான தலைகள். மண்டையெலும்பின் பின்முனை கூராக இருந்தது. என் பையில் இருந்த ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, அந்தக் குப்பைமேட்டிலும் கத்தரியை நெருப்பில் காட்டிவிட்டுத்தான் கன்னச் சதையில் ஒரு துணுக்கு வெட்டினேன். சார் கற்றுக்கொடுத்த பழக்கம் விடவில்லை. குப்பியில் போட்டு, சீட்டில் பென்சிலால் இடத்தையும் எண்ணையும் எழுதினேன். டீயைக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

குஞ்சுகள் நாட்டுக் கெளுத்தி என்றே வந்தன. குழியில் எடுத்த தலை ஆப்பிரிக்கக் கெளுத்தி. தாய் தொட்டியில், தகப்பன் குப்பைக் குழியில். இதைவிட என்ன வேண்டும்? இரண்டு முடிவையும் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்கு ஏறக்குறைய ஓடினேன் என்றே சொல்லலாம்.

அவர் பென்சிலை நகர்த்திப் படித்தார். படித்து முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உக்காருங்கம்மா."

நான் உட்காரவில்லை.

"இந்தத் தலை எங்க எடுத்தது?"

"பண்ணைக்குப் பின்னால குழியில சார்."

"யார் முன்னிலையில?"

"காக்கா முன்னிலையில."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பண்ணை முதலாளி கையெழுத்து இல்ல, சீல் இல்ல. அப்ப இது சாம்பிள் இல்லம்மா, குப்பை. கொட்டிடுங்க."

"சார், தகப்பன் எதுன்னு உங்களுக்குத் தெரியுதா இல்லையா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியுது. ஆனா நம்மகிட்ட அதை யாரும் கேக்கலையே. குஞ்சு என்ன இனம்னு பார்கோடு பண்ணச் சொன்னாங்க, பண்ணிட்டோம்."

"அப்ப வெளியில அனுப்பி, அப்பா அம்மா ரெண்டு பேரையும் காட்டுற சோதனையைப் பண்ணலாம் சார்."

"அதுக்கு யாராவது எழுதிக் கேக்கணும்மா."

"சரி, ரிப்போர்ட்டுல ஒரு வரி சேத்துடலாம். இந்தச் சோதனை தாய்வழியை மட்டும் காட்டும், கலப்பினமா இல்லையான்னு காட்டாதுன்னு. பொய் ஒண்ணும் இல்லையே."

அப்போதுதான் அசல் காரணம் வெளியே வந்தது. "அந்த ஒரு வரியைச் சேத்தா, இதுவரைக்கும் நாம குடுத்த எல்லா ரிப்போர்ட்டையும் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்கம்மா. பதில் சொல்லி மாளாது."

பதில் சொல்லி மாளாதாம். பதில் சொல்லத்தானே அந்த நாற்காலி? அவருக்கு அறிவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். பண்ணைக்காரரிடம் அவர் கை நீட்டினார் என்றும் நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் மனசு லேசாகியிருக்கும். கூடத்தின் பெயர் கெடாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பிலோமினாவின் பெயர் கெட்டால் அவருக்கு என்ன வந்தது?

ஐப்பசியில் மழை கொட்டியது. பிலோமினா கரையில் வலை கட்டியிருந்தாள். வலையெல்லாம் எந்த மூலைக்கு? குளம் வழிந்து ஏரிக்குப் போனது. கொஞ்ச நாளில் ஏரியில் கெளுத்தி மாட்ட ஆரம்பித்தது, குரவையும் கெண்டையும் குறைந்தன. ஏரிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பார்வையிட ஒரு குழு வந்தது. நிபுணராகத் தனசேகரன் சார், அவருக்கு உதவியாக நான்.

சார் கரையில் நின்று மீனை வாங்கினார். அளவுகோலால் தலையை அளந்தார், மண்டையெலும்பைத் தடவிப் பார்த்தார். உருவத்தை வைத்துப் பார்த்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று அதே பென்சிலால் குறித்தார். 'தோன்றுகிறது' என்ற சொல் அதில் இல்லை.

பிலோமினா வீட்டுக்குள் ஓடி எங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். "சார், நீங்களே நாட்டு மீனுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, பாருங்க. இதுவும் அதே மீனுதான் சார்."

சார் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்கம்மா" என்றார். "அந்த ரிப்போர்ட்டு, அன்னைக்கு நீங்க வாளியில கொண்டுவந்த மீனுக்கும்மா. இந்தக் குளத்துக்கு இல்ல. கீழ அச்சடிச்சிருக்கு பாருங்க, கொண்டுவந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்னு."

அந்த வரி எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. பண்ணைக்காரர் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதிலும் இருக்கிறது. அவருக்கு ஒரே ஒரு பைக் குஞ்சுக்குக் கொடுத்த சான்று, வருடம் பூராவும் அவர் விற்ற எல்லாக் குஞ்சுக்கும் பொருந்தியது. இவளுக்கு இவள் குளத்து மீனுக்கே பொருந்தவில்லை. ஒரே மீன்! பண்ணையின் பையில் இருக்கும்போது நாட்டு மீன், பிலோமினாவின் தண்ணீருக்கு வந்ததும் அந்நிய மீன். இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

நான் அங்கேயே சொன்னேன். குழு முன்னால், ஏரிக்காரர்கள் முன்னால், தாய் யார், தகப்பன் யார், தகப்பனின் தலை எந்தக் குழியில் கிடந்தது என்று தொண்டை கிழியச் சொன்னேன். குழுவில் பெரியவராக இருந்தவர், "எழுத்துல குடுங்க மேடம்" என்றார். கொடுத்தேன். அதற்கு வந்த பதில், ரசாயனப் பொருள் கிடங்குக்கு என்னை மாற்றியதுதான். ஓய்வு பெறும் வரை அமிலக் குடுவைகளுக்குக் காவல் இருந்தேன்.

குளத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். கெளுத்தி லேசில் சாகாத மீன். மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வந்து விழுந்தது. பிலோமினா அழவில்லை. கரை ஓரமாக வந்து துடித்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தனசேகரன் சாரிடம் போனாள்.

"சார், இதோட அம்மா யாருன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. அப்பன் யாருன்னு நான் யாரைப் போயி கேக்கறது?"

அவர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார். அதற்கும் யாராவது எழுதிக் கேட்க வேண்டுமோ என்னவோ.

அதற்கப்புறம் ஊரில் அவள் பட்டது கொஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூடப் பக்கத்தில் உட்காரத் தயங்கினார்கள் என்று அவளே சொன்னாள். ஏரியைக் கெடுத்தவள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். கணவர் குளத்தைத் தூர்த்துவிடலாம் என்றார். இவள் முடியாது என்றுவிட்டாள். கிடங்குக்கு என்னைப் பார்க்க வரும்போது மேடம் என்று கூப்பிடுவதை விட்டு அக்கா என்று கூப்பிடத் தொடங்கினாள். பண்ணை மட்டும் கல்லுபோல அப்படியே நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. இப்போது குஞ்சுப் பையின் மேலேயே 'டிஎன்ஏ சோதனை செய்யப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். திண்டிவனம் மார்க்கெட் பக்கம் போனபோது நானே பார்த்தேன்.

கவிதா போனை வைத்ததும் நான் பிலோமினாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், கூடத்துக்கு ஆட்களை அனுப்புவது நீதானா என்று.

"நான் யாரையும் அனுப்பல அக்கா. குஞ்சு வண்டி வளவனூருக்கு வர்ற அன்னைக்கி அங்க போயி நிப்பேன், அவ்ளோதான். சண்டை கிண்டை ஒண்ணும் போடறதில்ல. வாங்க வர்றவங்ககிட்ட, பேப்பர்ல அம்மா பேரு போட்டிருக்குது, அப்பன் பேரு எங்கன்னு கேளுங்கன்னு சொல்லுவேன். கேக்குறாங்க. வண்டிக்காரன் திருதிருன்னு முழிக்கிறான். எங்களுக்குத் தெரியாது, பேப்பர் குடுத்த ஆபீஸ்ல போயி கேளுங்கன்றான். போறாங்க போல. என்னா சொல்றாங்க அங்க?"

சிரிக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கவிதா, அடுத்த தடவை வளவனூரிலிருந்து யாராவது வந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிக்காதே. நாற்காலியைக் காட்டி உட்காரவும் சொல்லாதே. நீ சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரி, இந்தச் சோதனை தாய்வழியை மட்டும்தான் காட்டும் என்று. தனசேகரன் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பென்சிலை வைத்து அதை அடிக்க இப்போது யாரும் இல்லை. எழுதிக் கேட்டால்தான் செய்வீர்கள் என்றால், இந்தக் கட்டுரையையே எழுதிக் கேட்டதாக வைத்துக்கொள்.

இன்னொன்று. சார் கொட்டச் சொன்னதை நான் கொட்டவில்லை. பழைய ஃப்ரீசரின் அடித்தட்டில், வலது மூலையில் ஒரு குப்பி இருக்கும். சீட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், அழிந்திருக்காது. கேட்டு வருகிறவர்களுக்கு அதை எடுத்துக் காட்டு. அதுதான் அப்பன்.